உள்ளே வராதே என்று மட்டும் சொன்ன போர்டு: இரண்டு நைட்ரஜன் விபத்துகள்

2005 நவம்பர் 5, சனிக்கிழமை. அமெரிக்காவின் டெலவேர் சிட்டியில் இருக்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் நைட் ஷிப்டில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். தீ இல்லை, வெடிப்பு இல்லை, நச்சு வாயு என்று நாம் சொல்கிற எதுவும் கசியவும் இல்லை. ரியாக்டர் என்ற பெரிய ரசாயன வினைக் கலனுக்குள் விழுந்து கிடந்த ஒரு டேப் சுருளை எடுக்கப் பார்த்தார் ஒருவர், அவரைக் காப்பாற்ற இறங்கினார் அவருடைய ஃபோர்மேன். உள்ளே இருந்தது நைட்ரஜன், நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் 78 சதவீதம் இருக்கிற அதே நைட்ரஜன்.

பாதுகாப்புப் போர்டுகளைப் பற்றிப் பேச இந்த விபத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அங்கே எச்சரிக்கையே இல்லாமல் இல்லை என்பதுதான். அடைபட்ட இடம் (கலன், குழாய் மாதிரி காற்றோட்டம் இல்லாத இடம்), பர்மிட் இல்லாமல் நுழையாதே என்று சொல்லும் ஏற்பாடு இருந்தது. ஆனால் உள்ளே நைட்ரஜன் போய்க்கொண்டிருக்கிறது, ஆக்சிஜன் இல்லை என்பதை அந்த வாயிலில் எந்தப் போர்டும் சொல்லவில்லை. அதற்கு ஏழு வருடங்களுக்கு முன் லூசியானாவில் இதே வாயுவால் இதே மாதிரி ஒரு விபத்து நடந்தது, அங்கே குழாயின் வாயில் எந்த எச்சரிக்கையும் கிடையாது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், டிரெயினிங்கில் நாம் மனப்பாடம் செய்கிற சிவப்பு வட்டம், மஞ்சள் முக்கோணம், நீல வட்டம், பச்சைச் சதுரம் எல்லாம் எதற்காகத் தனித்தனியாக இருக்கின்றன என்பது பாடப்புத்தகத்தைவிடத் தெளிவாகப் புரியும்.

லூசியானா, 1998

மிசிசிப்பி ஆற்றங்கரையில், நியூ ஆர்லியன்சுக்கு மேற்கே ஹான்வில் என்ற ஊரில் யூனியன் கார்பைடு நிறுவனத்தின் டாஃப்ட் ஆலை இருந்தது. போபாலை நமக்கு மறக்க முடியாமல் செய்த அதே யூனியன் கார்பைடுதான். 1998 மார்ச் 27 அன்று நண்பகலில் இரண்டு பேர் ஒரு பெரிய குழாயின் வாயைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். குழாயின் விட்டம் 48 அங்குலம், அதாவது 4 அடி, ஒரு ஆள் குனிந்து உட்கார்ந்துகொள்ளலாம். எத்திலீன் ஆக்சைடு தயாரிக்கும் பகுதியில் ஆக்சிஜனைக் கலக்கும் கருவியோடு சேர்ந்த குழாய் அது. ஆக்சிஜன் போகிற லைனில் எண்ணெய்ப் பிசுக்கோ கிரீசோ இருந்தால் பற்றிக்கொள்ளும், அதனால் ஃபிளாஞ்சு, அதாவது குழாய்களை இணைக்கும் விளிம்பின் முகப்பில் அப்படி எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று புற ஊதா விளக்கு அடித்துப் பார்ப்பார்கள், பிசுக்கு இருந்தால் அந்த வெளிச்சத்தில் ஒளிரும்.

நடு மதியம், நல்ல வெயில். வெயிலில் ஒளிர்வு கண்ணுக்குத் தெரியாது. அதனால் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைக் குழாய் வாயின் மேல் போர்த்தி, நிழல் செய்துகொண்டு உள்ளே பார்த்தார்கள். வேலை செய்கிற யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதே நேரத்தில் ஆலையில் ரியாக்டர்களில் புதிதாகப் போட்ட கேட்டலிஸ்ட்டை (வினையை வேகப்படுத்தும் பொருள்) ஈரத்திலிருந்து காப்பாற்ற நைட்ரஜன் செலுத்திக்கொண்டிருந்தார்கள். அதை ஏற்றியது இந்த வாயில் அல்ல, குழாய்த் தொடரின் வேறோர் இடத்தில். அது ஊர்ந்து வந்து, திறந்திருந்த இந்த வாய் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. ஷீட் இல்லாமல் இருந்திருந்தால் காற்றில் கலந்து போயிருக்கும். ஷீட் போர்த்தியதும் அந்தச் சின்ன நிழலுக்குள் நைட்ரஜன் தேங்கியது, ஆக்சிஜனை வெளியே தள்ளியது. இருவரும் மயங்கினார்கள். ஒருவர் இறந்தார், மற்றவர் மோசமான நிலையில் மீட்கப்பட்டுப் பிழைத்தார்.

அமெரிக்க ரசாயன விபத்து விசாரணை வாரியம் அந்த வருடம்தான் வேலை தொடங்கியிருந்தது, அதன் ஆரம்ப கால விசாரணைகளில் இது ஒன்று. அவர்கள் கண்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு விஷயங்கள். குழாய் வாயில், இது அடைபட்ட இடம் என்று சொல்லும் போர்டு இல்லை. உள்ளே ஆபத்தான அளவில் நைட்ரஜன் இருக்கலாம் என்று சொல்லும் போர்டும் இல்லை. இந்த இரண்டையும் அவர்கள் ஒன்றாகச் சேர்த்துப் போடவில்லை, பரிந்துரையிலும் தனித்தனியாகவே சொன்னார்கள்: டாங்க், வெசல், குழாய் எதைத் திறந்தாலும் அனுமதியின்றி நுழையாதே என்ற போர்டு வைக்க வேண்டும். நைட்ரஜன் செலுத்தினால் அதற்கென்று இன்னொரு போர்டு கூடுதலாக வைக்க வேண்டும். அப்புறம், கருவியைச் சுற்றித் தற்காலிகமாகக் கூடாரமோ திரையோ போட்டால் உள்ளே வாயு தேங்கும் என்பதையும் ஆலையின் பாதுகாப்பு ஏற்பாட்டில் சேர்க்க வேண்டும். நைட்ரஜனுக்கு வாசனை சேர்க்க முடியுமா என்று ஆராயச் சொல்லியும் கேட்டார்கள், நம் வீட்டு எல்பிஜி கசிந்தால் நாற்றம் வருமே, அது மாதிரி.

கூடுதல் போர்டு என்ற அந்த ஒரு வரியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். 2005-ல் டெலவேர் சிட்டியில் இல்லாமல் போனது அதுதான்.

டெலவேர் சிட்டி, 2005

அந்த ஆலையை வலேரோ நிறுவனம் அதே வருடம் செப்டம்பரில் வாங்கியிருந்தது. கனமான எண்ணெயை இலேசாக உடைக்கும் ஹைட்ரோகிராக்கர் யூனிட் ஷட்டவுனில், அதாவது பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டு இருந்தது, ரியாக்டரில் கேட்டலிஸ்ட் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த கேட்டலிஸ்ட் காற்றும் ஈரமும் படக்கூடாது என்று ரியாக்டருக்குள் நைட்ரஜன் விட்டுக்கொண்டே இருந்தார்கள். ரியாக்டரின் உச்சியில் கழற்றி வைத்திருந்த வளைவுக் குழாயைத் திரும்ப மாட்டும் வேலை ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் பாய்லர்மேக்கர் (கலன், குழாய் மாட்டுகிறவர்கள்) குழுவுக்கு வந்தது. அவர்களுடைய வேலை ரியாக்டருக்கு வெளியே, மேல் தளத்தில். உள்ளே இறங்க வேண்டிய அவசியமே இல்லாத வேலை.

வாயைத் திறந்து பார்த்தபோது உள்ளே சுமார் 5 அடி கீழே தட்டின் மேல் ஒரு டேப் சுருள் கிடந்தது. அதை விட்டுவிட்டுக் குழாயை மாட்ட முடியாது. முறைப்படி எடுக்க வேண்டுமென்றால் காற்றுக் குழாய் மாட்டிய பயிற்சி பெற்ற ஆட்கள் தனி பர்மிட்டோடு வர வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். நம் ஊர் ஷட்டவுன்களில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். 5 அடி ஆழத்தில் கண்ணுக்கு முன்னால் கிடக்கிற ஒரு சாமானுக்காக நள்ளிரவில் பர்மிட், டீம், ஃபோன் என்று அலைய யாருக்கும் மனசு வராது. ஒரு கம்பியை வளைத்துக் கொக்கி மாதிரி செய்து எடுக்கப் பார்த்தார் ஒரு தொழிலாளி. அப்புறம் அவர் ரியாக்டருக்குள் கிடந்தார்.

அவர் வேண்டுமென்றே இறங்கினாரா, வாயருகே மண்டியிட்டுக் குனிந்தபோது வெளியே வந்துகொண்டிருந்த நைட்ரஜனில் மயங்கி உள்ளே விழுந்தாரா என்பதை விசாரணை வாரியத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டுமே சாத்தியம் என்றார்கள். ஃபோர்மேன் உடனே ஓர் ஏணியை எடுத்து உள்ளே விட்டு இறங்கினார், அவரும் விழுந்தார். மூச்சுக் கருவி மாட்டிய மீட்புக் குழு வந்து வெளியே எடுத்தும் இருவரையும் காப்பாற்ற முடியவில்லை.

இந்த வேலைக்குக் கொடுத்த பர்மிட்டில் நைட்ரஜன் பர்ஜ், அதாவது நைட்ரஜனைச் செலுத்திக் காற்றை வெளியேற்றுவது, என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பொருந்தாது என்று குறித்திருந்தார்கள். அந்த வாயில் நைட்ரஜன் வெளியேறிக்கொண்டிருக்க, கையில் இருந்த தாள் நைட்ரஜன் இல்லை என்று சொன்னது. வாயைச் சுற்றி ஆக்சிஜன் குறைவு என்று எழுதிய எச்சரிக்கையோடு சரியான தடுப்பும் இல்லை. ஆக, அந்தக் குழுவுக்கு உண்மையைச் சொல்ல மிச்சம் இருந்தது வாயிலில் வைக்கிற போர்டு ஒன்றுதான், அதுவும் சொல்லவில்லை.

நைட்ரஜனைப் பற்றிக் கொஞ்சம்

இதைச் சொல்லாமல் போர்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் அமெரிக்க விதிப்படி அது ஆக்சிஜன் குறைந்த காற்று. 16-க்குக் கீழே நாடித் துடிப்பும் மூச்சும் கூடும், யோசனை மங்கும். 10-க்குக் கீழே குமட்டல், கை கால் வராமல் போவது, மயக்கம். 6-க்குக் கீழே சில நிமிடங்களில், சில சமயம் சில நொடிகளில் கதை முடியும். ஏறத்தாழ முழு நைட்ரஜனை ஒன்றிரண்டு மூச்சு இழுத்தாலே ஆள் விழுந்துவிடுவார்.

இதில் கொடுமையானது, உடம்பு எச்சரிக்காது என்பதுதான். மூச்சை அடக்கிக்கொண்டால் நெஞ்சு படபடக்கிறதே, அது ஆக்சிஜன் குறைவதால் வருவதைவிடக் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால்தான் அதிகம் வருகிறது. நைட்ரஜனுக்குள் நிற்கிறவர் கார்பன் டை ஆக்சைடைத் தாராளமாக வெளியே விட்டுக்கொண்டிருப்பார், அதனால் அந்தப் படபடப்பு வராது. நிறமில்லை, மணமில்லை, எரிச்சலில்லை. அமோனியா கசிந்தால் மூக்கே போர்டாகிவிடும், ஓடிவிடுவோம். நைட்ரஜனுக்கு வெளியிலிருந்து யாராவது சொன்னால்தான் உண்டு. அதனாலேயே மற்ற ஆபத்துகளைவிட இதற்குப் போர்டு பல மடங்கு முக்கியம்.

1992 முதல் 2002 வரை அமெரிக்காவில் நைட்ரஜனால் நடந்த 85 சம்பவங்களில் 80 பேர் இறந்ததாகவும் 50 பேர் பாதிக்கப்பட்டதாகவும் விசாரணை வாரியமே 2003-ல் கணக்குக் கொடுத்திருந்தது. டெலவேர் சிட்டி நடந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

போர்டு வகைகளை அந்த வாயிலில் நிறுத்திப் பார்ப்போம்

உலகத்தில் பெரும்பாலான இடங்களில் இன்று புழங்குவது சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 7010 குறியீடுகள், அதன் நிறம் வடிவ இலக்கணம் ஐஎஸ்ஓ 3864-ல் இருக்கிறது. இந்தியாவில் ஐஎஸ் 9457 என்ற தரம் இருக்கிறது, அடிப்படை நிறமும் வடிவமும் அதே போக்குதான். ஐந்து குடும்பங்கள். வெறும் பட்டியலாகச் சொன்னால் ஒன்றும் ஒட்டாது, அதனால் ஒவ்வொன்றையும் அந்த ரியாக்டர் வாயில் நிறுத்திப் பார்க்கிறேன்.

முதலில் தடைக் குறி. வெள்ளைப் பின்னணி, சிவப்பு வட்டம், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, உள்ளே கறுப்புப் படம். இது ஒரு செயலைச் செய்யாதே என்கிறது. புகைபிடிக்காதே, தொடாதே, நுழையாதே. இதன் பலம் அதன் தெளிவு. பலவீனம், ஏன் என்று சொல்லாது, அதோடு அந்தச் செயலைச் செய்யப்போகிறவரிடம் மட்டுமே பேசும். ரியாக்டருக்குள் இறங்கப்போகிற ஆள் நுழையாதே என்பதைப் பார்த்து நிற்பார். வாயருகே மண்டியிட்டுக் கம்பியை விடுகிறவர் தான் நுழைவதாக நினைக்கவே மாட்டார், அந்த போர்டு தனக்கு இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு விளக்கம் இருக்கிறது. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் அடைபட்ட இட விதி 1993-ல் வந்தது. உடம்பின் எந்தப் பகுதியாவது அந்த வாயின் தளத்தைத் தாண்டிவிட்டால் அது நுழைவுதான் என்கிறது அந்த விதி. தலையை உள்ளே நீட்டினாலும் நுழைவு, கையை விட்டாலும் நுழைவு. சரியான விளக்கம்தான், ஆனால் அது சட்டப்புத்தகத்தில் இருக்கிறது, தளத்தில் நிற்கிற ஃபிட்டரின் கண்ணுக்கு முன்னால் இல்லை. அதே விதி மாதிரி வாசகமும் கொடுக்கிறது: ஆபத்து, அனுமதி தேவைப்படும் அடைபட்ட இடம், உள்ளே நுழையாதே. இந்த வாசகத்தை அப்படியே அச்சடித்து மாட்டினால் விதி திருப்தியாகிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று அதில் ஒரு சொல் கிடையாது. தலைப்பில் ஆபத்து என்று போட்டிருந்தாலும் வேலையில் அது முழுக்க முழுக்கத் தடைக் குறிதான். ஆலைகளில் நாம் செய்கிற பெரிய தவறு இதை எச்சரிக்கை என்று கணக்கில் எழுதிக்கொள்வது.

அப்புறம் எச்சரிக்கைக் குறி. மஞ்சள் முக்கோணம், கறுப்பு விளிம்பு. இது எதையும் செய் என்றோ செய்யாதே என்றோ சொல்லாது, இங்கே இது இருக்கிறது என்கிறது. மின்சாரம் இருக்கிறது, ஃபோர்க்லிஃப்ட் வரும், தரை வழுக்கும். ஐஎஸ்ஓ 7010-ல் சுவாசிக்க முடியாத காற்றுக்கென்றே டபிள்யூ 041 என்று தனிக் குறி இருக்கிறது. நம் ஆலைகளில் டபிள்யூ 001, அதாவது முக்கோணத்துக்குள் வெறும் ஆச்சரியக்குறி போட்ட பொது எச்சரிக்கைதான் எல்லா இடத்திலும் ஒட்டியிருக்கும், கேன்டீன் படிக்கட்டு வரை. அது எதையும் சொல்வதில்லை. குறிப்பான படம் இருக்கும்போது பொதுப் படத்தைப் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஹான்வில்லுக்குப் பின் வாரியம் கேட்ட கூடுதல் போர்டு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நைட்ரஜன் உள்ளது, ஆக்சிஜன் இல்லை, ஒரு மூச்சில் மயங்குவாய். இந்த மூன்றும் வாயில் எழுதியிருந்தால், கம்பியை விடுகிறவரும் இறங்கப்போகிறவரும் வேடிக்கை பார்க்கிறவரும் ஒரே செய்தியைப் படிக்கிறார்கள். தடை ஒரு செயலோடு நின்றுபோகும், எச்சரிக்கை அந்த இடத்துக்கு வருகிற எல்லாரிடமும் பேசும். அதனால்தான் இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஈடு ஆகாது.

மூன்றாவது, கட்டாயக் குறி. நீல வட்டம், வெள்ளைப் படம். ஹெல்மெட் போடு, கண்ணாடி போடு, பெல்ட் மாட்டு. இதை இந்த வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தபோது எனக்கே பயமாக இருந்தது. மூச்சுப் பாதுகாப்பு அணியவும் என்ற நீலக் குறியைப் பார்க்கிற ஹெல்பர் ஸ்டோருக்குப் போய் டஸ்ட் மாஸ்க்கையோ கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கையோ வாங்கி மாட்டிக்கொண்டு, எல்லாம் சரியாகச் செய்துவிட்ட நம்பிக்கையோடு வருவார். கார்ட்ரிட்ஜ் காற்றிலிருக்கும் அழுக்கை வடிகட்டும், இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது. நைட்ரஜனுக்குள் அதை மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் ஒன்றுதான். இங்கே தேவை சிலிண்டரோடு வரும் மூச்சுக் கருவி அல்லது வெளியிலிருந்து வரும் ஏர்லைன், அதுவும் பயிற்சி பெற்றவருக்கு மட்டும். ஆகவே இந்த மாதிரி வாயில் பொதுவான நீல மாஸ்க் குறியை வைக்கக்கூடாது என்றே சொல்வேன். ஆபத்தின் பெயர் இல்லாமல் நீலக் குறி மட்டும் நின்றால் அது ஆளைத் தவறான கருவியோடு உள்ளே அனுப்பும்.

பச்சைக் குறிகள் வெளியேறும் வழி, முதலுதவிப் பெட்டி, கண் கழுவும் இடம் காட்டுபவை. சிவப்புச் சதுரம் தீயணைப்பான், ஹோஸ், அலாரம் பட்டன். இந்த விபத்தில் தீக்குறிக்கு வேலையில்லை. பச்சைக்கு இருந்தது. ஃபோர்மேன் ஏணியைத் தேடி எடுத்த அந்தச் சில நொடிகளில் அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு போர்டு இருந்து, உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற நீ இறங்காதே, இந்த எண்ணை அழை, மீட்புக் குழு இங்கே இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பாரா என்று தெரியாது. கூட வேலை செய்கிறவன் விழும்போது யாருக்கும் போர்டு படிக்கத் தோன்றாது. ஆனால் அதே வாசகத்தை ஷிப்ட் தொடங்கும்போது படித்திருந்தால், வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் பேச்சில் ஒருவர் அதைச் சத்தமாக வாசித்திருந்தால், கால் ஒரு கணமாவது தயங்கும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-லேயே எழுதியது, அடைபட்ட இடங்களில் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்று. நம் ஊரில் செப்டிக் டாங்க் விபத்துச் செய்தியை எப்போது படித்தாலும் முதல் ஆள் மயங்கினார், தூக்கப் போன இரண்டாவது ஆளும் மயங்கினார் என்ற அதே வரிசைதான் வருகிறது.

2021 ஜனவரி 28 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் கெய்ன்ஸ்வில்லில் ஒரு கோழி இறைச்சி ஆலையில் திரவ நைட்ரஜன் கசிந்து 6 பேர் இறந்ததும் இதே கதைதான். முதலில் பராமரிப்பு ஊழியர்கள் இருவர் விழுந்தார்கள், அதற்குப் பின் என்ன ஆயிற்று என்று பார்க்கவும் தூக்கவும் குறைந்தது 14 பேர் அந்தப் பக்கம் போனார்கள், அவர்களில் 4 பேர் திரும்பவில்லை.

அமெரிக்காவில் இன்னொரு பழக்கமும் உண்டு, அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பன்னாட்டு கம்பெனிகளின் சென்னை, ஓசூர் ஆலைகளில் இரண்டு மாதிரியும் கலந்து தொங்கும். அன்சி இசட் 535 என்ற தரத்தில் ஆபத்தின் கடுமையைத் தலைச்சொல் சொல்கிறது. டேஞ்சர், சிவப்பு: தவிர்க்காவிட்டால் மரணமோ படுகாயமோ நிச்சயம். வார்னிங், ஆரஞ்சு: மரணமோ படுகாயமோ நேரலாம். காஷன், மஞ்சள்: சின்ன, நடுத்தரக் காயம். நோட்டீஸ், நீலம்: காயத்தோடு சம்பந்தமில்லாத தகவல். இங்கே குழப்பம் நிறத்தில் வருகிறது. ஐஎஸ்ஓவில் நீலம் என்றால் கட்டாயம், அன்சியில் நீலம் என்றால் வெறும் தகவல். ஐஎஸ்ஓவில் மஞ்சள் முக்கோணம் மரண ஆபத்துக்கும் வரும், அன்சியில் மஞ்சள் பட்டை என்றால் லேசான காயம். ஒரே ஆலைக்குள் இரண்டையும் விளக்கமில்லாமல் கலக்காதீர்கள். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே எல்லாருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

நைட்ரஜன் ஏன் எந்தக் கட்டத்திலும் அகப்படுவதில்லை

பர்மிட் எழுதியவர் பொருந்தாது என்று குறித்ததை வெறும் அலட்சியம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நைட்ரஜன் நம் ஆபத்துப் பட்டியல்களில் ஓரமாகவே நிற்கிறது. சிலிண்டரில் ஒட்டும் ஜிஎச்எஸ் (ரசாயன ஆபத்துகளைக் குறிக்கும் உலகப் பொது முறை) லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள், சிவப்பு டைமண்டுக்குள் படம் போட்ட லேபிள். நைட்ரஜனுக்கு மண்டை ஓடு கிடையாது, ஏனென்றால் அது நச்சு அல்ல. தீப்பிழம்பு கிடையாது, எரியாது. அழுத்த வாயு என்பதற்கான சிலிண்டர் படம் மட்டும்தான். ஆக்சிஜனை விலக்கி விரைவில் மூச்சை நிறுத்தலாம் என்ற வாக்கியத்தை அமெரிக்க விதி சேர்க்கச் சொல்கிறது, ஆனால் அதற்கென்று படம் இல்லை. படங்களை வைத்து ஆபத்தை எடை போடப் பழகிய கண்ணுக்கு நைட்ரஜன் சாதுவாகத் தெரியும். போதாக்குறைக்கு ஆலையில் அதைப் பாதுகாப்புக்காகத்தான் பயன்படுத்துகிறோம். தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜன், வெடிக்காமல் இருக்க நைட்ரஜன். பல வருடம் நம்மைக் காப்பாற்றிய பொருளை யாரும் சந்தேகப்படுவதில்லை.

லேபிள் வேறு, இடத்துக்கான போர்டு வேறு என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். லேபிள் சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்கிறது. குழாய் வழியாக ரியாக்டருக்குப் போன நைட்ரஜனோடு லேபிள் போகாது. சிலிண்டர் கீழே தரையில் இருக்கும், அல்லது டாங்க் ஆலையின் இன்னொரு மூலையில் இருக்கும், ஆபத்து மேலே திறந்த வாயில் இருக்கும். இந்த இடைவெளியை நிரப்புவது தற்காலிகப் போர்டுதான். ஆனால் நம் ஆலைகளில் நிரந்தரப் போர்டுகளுக்கு அளவு, நிறம், ஆடிட் எல்லாம் உண்டு. தற்காலிகப் போர்டு என்றால் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்து செலோ டேப் ஒட்டுவதோடு சரி, ஒரு மழைக்குத் தாங்காது. ஷட்டவுனில் ஆளைக் கொல்லக்கூடிய ஆபத்துகளில் பாதி தற்காலிகமானவை. போர்டும் அதே கவனத்தோடு இருக்க வேண்டாமா?

எங்கே வைப்பது

இந்த இரண்டு விபத்துகளும் இடத்தைப் பற்றிச் சொல்லித்தருவது, வகையைப் பற்றிச் சொல்வதற்குக் குறைந்ததல்ல. ஆபத்து வாய்க்கு உள்ளே மட்டும் இல்லை. நைட்ரஜன் வெளியேறும் வாயைச் சுற்றிலும் இருக்கிறது, ஹான்வில்லில் ஒரு ஷீட் போதுமானதாக இருந்தது. டெலவேர் சிட்டி அறிக்கையில் வாரியம் இதை அழுத்திச் சொன்னது, வாய்க்கு வெளியே இருக்கும் ஆபத்து அன்றைய வழிகாட்டுதல்களில் தெளிவாக இல்லை என்று. அதனால் போர்டை ஃபிளாஞ்சின் மேலேயே ஒட்டினால், அதைப் படிக்கக் குனிகிறவர் படிப்பதற்குள் அதே காற்றை இழுத்துவிடுவார். வாயைச் சுற்றித் தள்ளி கெட்டியான தடுப்பு, போர்டு அந்தத் தடுப்பில், ஏணியோ படிக்கட்டோ அந்தத் தளத்துக்கு வந்து சேரும் இடத்தில் இன்னொன்று. 25 அடி தூரத்துக்கு 1 அங்குல உயர எழுத்து என்பது அமெரிக்காவில் புழங்கும் கணக்கு, வெளிச்சம் குறைவு என்றால் இன்னும் பெரிதாக. டெலவேர் சிட்டி இரவில் நடந்தது என்பதை மறக்க வேண்டாம். பகலில் மாட்டிப் பார்த்துவிட்டு நன்றாகத் தெரிகிறது என்று கையெழுத்துப் போடாமல், இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

மொழியும் உண்டு. தமிழ்நாட்டில் இன்று ஷட்டவுன் வேலைக்கு வருகிறவர்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் நிறைய. தொழிற்சாலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். அதே சட்டத்தின் 36-வது பிரிவு டாங்க், குழி, குழாய் எதிலும் ஆபத்தான வாயு இருக்கலாம் என்றால் தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தராமல், அல்லது மூச்சுக் கருவியும் பெல்ட்டும், அந்த பெல்ட்டின் கயிற்றை வெளியே பிடித்துக்கொண்டு ஒரு ஆளும் இல்லாமல் யாரையும் இறக்கக்கூடாது என்றது. விதி இல்லாத நாடு அல்ல நம் நாடு. ஆனால் இந்த ஆபத்துக்குத் தமிழும் இந்தியும் ஆங்கிலமும் எழுதி, கூடவே டபிள்யூ 041 படத்தையும் போட்ட போர்டைத் திறந்த மேன்ஹோல் பக்கத்தில் எத்தனை இடத்தில் பார்க்கிறோம்?

நான் இப்போது ஷட்டவுன் திட்டம் பார்க்கும்போது கேட்கிற வாசகம் இதுதான். மேலே மஞ்சள் முக்கோணத்தில் டபிள்யூ 041. அதன் கீழே பெரிய எழுத்தில்: நைட்ரஜன் போகிறது, ஆக்சிஜன் இல்லை. அடுத்த வரி: வாயருகே குனியாதே, தலையோ கையோ நீட்டாதே. அதன் பின்தான் சிவப்பு வட்டம்: பர்மிட் இல்லாமல் நுழையாதே. கடைசியில் பச்சைப் பட்டையில்: யாராவது விழுந்தால் இறங்காதே, கூப்பிடு, எண் இது. சாமான் உள்ளே விழுந்தால் என்ன செய்வது என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன், சூப்பர்வைசரிடம் சொல், நீ எடுக்காதே என்று. பலருக்கு அது அதிகப்படியாகத் தெரிகிறது. ஒரு டேப் சுருளால் இரண்டு உயிர் போன பிறகு எனக்கு அப்படித் தெரியவில்லை.

எடுக்கும் வேலை வைக்கும் வேலையைவிடக் கடினம். பர்ஜ் முடிந்து நாலு நாள் ஆன பிறகும் நைட்ரஜன் போர்டு தொங்கிக்கொண்டிருந்தால், அடுத்த முறை உண்மையிலேயே நைட்ரஜன் போகும்போது யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே பர்மிட்டில் நைட்ரஜன் கட்டத்தோடு போர்டு எண்ணையும் எழுத ஒரு இடம் வேண்டும். நைட்ரஜன் வால்வைத் திறக்கும் ஆப்பரேட்டர் போர்டை மாட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். மூடியபின் லைனைப் பிரித்துவிட்டு, வாயிலும் உள்ளேயும் மீட்டர் 20.9 காட்டிய பிறகு, மாட்டிய ஆப்பரேட்டரோ அவரிடம் ஷிப்ட் மாற்றி வாங்கியவரோ தன் கையால் கழற்றி, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.